ஆற்றைக் காக்கப் பிறந்த சாலை

சாலை என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதற்காக ஏற்பட்டது. பூங்கா என்பது எங்கும் செல்லாமல் அமர்ந்து இளைப்பாறுவதற்காக ஏற்பட்டது. ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து வைத்தவர்கள் அமெரிக்க நாட்டினர். 'பார்க்வே' என்பது அச்சொல். நாம் அதனைப் பூங்காச் சாலை என்று வழங்கலாம். அந்தப் பூங்காச் சாலை யாருக்காகத் தோன்றியது, எவ்வாறு அமைக்கப்பட்டது, அமைத்து முடித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இன்று பார்ப்போம். அரசர்களையும் போர்களையும் பற்றிப் படித்துப் பழகிய மாணவ நேயர்களுக்கு ஒரு சாலையின் வரலாறு சுவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் அரசர்கள் போன பிறகும் அவர்கள் போட்ட சாலைகளில்தான் மக்கள் நடக்கிறார்கள் என்பதை நினைவிற் கொண்டால் அந்த எண்ணம் மாறிவிடும்.

பார்க்வே என்ற சொல் மோட்டார் காலத்துக்கு முற்பட்டது. நியூயார்க் நகரின் நடுவே பரந்து கிடக்கும் சென்ட்ரல் பார்க்கை வகுத்த பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், கால்வெர்ட் வாக்ஸ் என்னும் இருவரே அச்சொல்லை 1860-களில் வழக்கிற்குக் கொண்டு வந்தனர். இருபுறமும் மரங்கள் நிழல் பரப்ப, குதிரை வண்டியில் அமர்ந்து காற்று வாங்கியவாறே பூங்காவைச் சென்றடைவதற்கான அகன்ற வீதியைத்தான் அவர்கள் அவ்வாறு குறித்தனர். புரூக்ளினில் 1870-க்கும் 1874-க்கும் இடையே அமைக்கப்பட்ட ஈஸ்டர்ன் பார்க்வே அவ்வகையில் முதலாவது என்பர். அங்கே அவசரம் இல்லை. போய்ச் சேருவதை விடப் போகும் இன்பமே பெரிதாக இருந்தது.

இனி ஓர் ஆற்றின் கதைக்கு வருவோம். நியூயார்க்கின் வடக்கே வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் தோன்றி, தெற்கு நோக்கிப் பாய்ந்து, பிராங்க்ஸ் பகுதியின் வழியாக ஈஸ்ட் ரிவர் என்னும் நீரிணையில் கலக்கும் சிற்றாறு ஒன்று உண்டு. பிராங்க்ஸ் ஆறு என்பது அதன் பெயர். ஏறக்குறைய 23 மைல் நீளமே உடைய இவ்வாற்றுக்கு நேர்ந்த கதி, தொழில் வளர்ச்சி கண்ட நாடுகளில் எத்தனையோ ஆறுகளுக்கு நேர்ந்த கதிதான். 1840-களில் ஆற்றை ஒட்டி இருப்புப்பாதை வந்தது. இருப்புப்பாதையைத் தொடர்ந்து ஆலைகளும் ஊர்களும் வந்தன. ஊர்கள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வளர்ந்தன. கழிவுநீர் ஆற்றில் விழுந்தது. குப்பை கரையில் குவிந்தது. கோடையில் நீர் வற்றி, நாற்றம் எழுந்தது.

இந்த ஆறு இரண்டு புகழ்பெற்ற இடங்களின் ஊடே ஓடியது. 1891-இல் நிறுவப்பட்ட நியூயார்க் தாவரவியல் தோட்டம் ஒன்று; 1899-இல் திறக்கப்பட்ட பிராங்க்ஸ் விலங்கியல் பூங்கா மற்றொன்று. உலகின் பல பாகங்களிலிருந்தும் அரிய செடிகளையும் விலங்குகளையும் கொணர்ந்து வைத்திருக்கும் இடத்தின் நடுவே சாக்கடை ஓடுவதை எவ்வளவு நாள் பொறுத்துக் கொள்ள முடியும்? எனவே, ஆற்றைத் தூய்மைப்படுத்தி அதன் இரு கரைகளையும் பொதுச் சொத்தாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் 1907-ஆம் ஆண்டில் இதற்கென ஓர் ஆணைக்குழுவை ஏற்படுத்தியது. ஆற்றுநீரைக் காப்பதே முதல் நோக்கம். கரையோரமாக ஒரு வண்டிப்பாதையும் அமையட்டும் என்பது அதனோடு ஒட்டி வந்த எண்ணம். செலவில் முக்கால் பங்கை நியூயார்க் நகரமும், கால் பங்கை வெஸ்ட்செஸ்டர் மாவட்டமும் ஏற்பது என்று ஏற்பாடாயிற்று.

அக்குழுவின் தலைவர் மேடிசன் கிராண்ட் என்பவர். இவரைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே செல்வது நேர்மையாகாது. விலங்கியல் பூங்காவை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். அமெரிக்கக் காட்டெருமை அழியாமல் காக்கவும், கலிபோர்னியாவின் வானளாவிய செம்மரக் காடுகள் வெட்டுண்டு போகாமல் தடுக்கவும் பாடுபட்டவர். அதே மனிதர்தான் 1916-இல், வட ஐரோப்பிய இனத்தாரே மேலானவர் என்றும் மற்றவர்கள் வந்து கலப்பதால் அமெரிக்கா கெட்டுப்போகிறது என்றும் வாதிடும் நூலொன்றை எழுதினார். தென் ஐரோப்பியரையும் கிழக்கு ஐரோப்பியரையும் ஆசியரையும் தடுக்க 1924-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டத்துக்கு இவருடைய கருத்துக்கள் துணை நின்றன. மரத்தின் மீதும் மாவின் மீதும் காட்டிய பரிவை மனிதன் மீது காட்ட மறுத்த உள்ளம் அது.

இச்செய்தி சாலையின் கதைக்குப் புறம்பானது அன்று. ஆற்றங்கரை வெற்று நிலமாகக் கிடக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி மனைகளை வாங்க வேண்டியிருந்தது. 370 கட்டடங்கள் இடித்து அகற்றப்பட்டன. தொழுவங்கள், பட்டறைகள், ஆலைகள் ஆகியவற்றோடு இத்தாலியக் குடியேறிகளும் கறுப்பின மக்களும் குடியிருந்த எளிய வீடுகளும் அவற்றுள் இருந்தன. ஆணைக்குழுவின் அறிக்கைகளில் 'முன்பு', 'பின்பு' என்று இரண்டிரண்டு புகைப்படங்கள் காணப்படும். முன்பு என்ற படத்தில் சாய்ந்த குடிசையும் கொடியில் உலரும் துணியும். பின்பு என்ற படத்தில் புல்வெளியும் தெளிந்த நீரும். துணி உலர்த்தியவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் படங்கள் கூறுவதில்லை. விளம்பரப் பலகைகளும் தப்பவில்லை. அடுத்தடுத்து வைத்தால் 5 மைல் நீளம் வரும் அளவுக்கு அவை பெயர்த்தெறியப்பட்டன. அதற்காக யாரும் கண்ணீர் வடித்திருக்கமாட்டார்கள்.

வேலை மெல்லத்தான் நடந்தது. நிலம் வாங்குவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. கட்டுமானம் தொடங்கிய சிறிது காலத்தில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஆளும் பொருளும் போர்முனைக்குச் சென்றன. வேலை ஏறக்குறைய நின்றே போயிற்று. போர் முடிந்த பின்னரே மீண்டும் முழு வேகத்துடன் தொடங்கியது. ஜே டவுனர் என்பவர் தலைமை இஞ்சினீயராக இருந்தார். ஹெர்மன் மெர்க்கல் என்பவர் நிலவனப்புப் பணியைக் கவனித்தார். சில இடங்களில் ஆற்றின் போக்கையே மாற்றினார்கள். சேற்றுப்படுகைகளைத் தோண்டியெடுத்துத் திடமான மண்ணை நிரப்பினார்கள். கரையெங்கும் சுமார் 30,000 மரங்களும் 1,40,000 புதர்ச்செடிகளும் நடப்பட்டன. நட்டது நட்டதாகத் தெரியாமல் இயல்பாக வளர்ந்ததுபோல் தோன்ற வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை. ஊர்களின் கழிவுநீர் ஆற்றில் விழாமல் வேறு வழியே செல்வதற்குப் பள்ளத்தாக்கு நெடுகிலும் தனியே ஒரு பெருங்குழாய் போடப்பட்டது. அது இல்லாவிட்டால் இந்தப் பூவேலை அத்தனையும் சாக்கடைக் கரையில் சாமந்தி வைத்த கதையாகவே முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் மாணவர்கள் ஆண்டுக் கணக்கைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆணைக்குழு பிறந்தது 1907-இல். ஹென்றி போர்டு தம்முடைய 'மாடல் டி' காரை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1908-இல். அப்போது அதன் விலை 850 டாலர். 1920-களின் நடுவில் அது 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. அமெரிக்கா முழுவதிலும் 1910-இல் பதிவான மோட்டார் வண்டிகள் 5 லட்சத்துக்கும் குறைவு. 1920-இல் அவை 90 லட்சத்தைத் தாண்டின. 1930-இல் 2 கோடி 60 லட்சத்தைத் தாண்டின. அதாவது, குதிரை வண்டியை மனத்தில் வைத்து வரைந்த பாதை, கட்டி முடிப்பதற்குள் மோட்டார் யுகத்தில் வந்து நின்றது. திட்டம் தீட்டும் காலமும் அதனை நிறைவேற்றும் காலமும் வேறுபட்டுப் போவதால் விளையும் இன்னல்களுக்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

1925-ஆம் ஆண்டு நவம்பரில் பிராங்க்ஸ் ஆற்றுப் பூங்காச் சாலை முழுமையாகத் திறந்து வைக்கப்பட்டது. பிராங்க்ஸ் பூங்காவின் அருகிலிருந்து கென்சிகோ அணை வரையில் சுமார் 15 மைல். 40 அடி அகலத்தில் நான்கு வண்டிகள் செல்லத்தக்க பாதை. அதன் அமைப்பில் மூன்று புதுமைகள் இருந்தன. அண்டை நிலத்தார் தங்கள் வாசலிலிருந்து நேரே சாலையில் வண்டியை இறக்க முடியாது. ஏனெனில் சாலைக்கும் அவர்கள் மனைக்கும் இடையே பூங்கா நிலம் கிடந்தது. பெரும்பாலான குறுக்குச் சாலைகளும் இருப்புப்பாதையும் பாலத்தின் மேலோ கீழோ கடந்து சென்றன. எனவே எதிர்ப்பட்ட வண்டிக்காக நின்று காத்திருக்கும் தொல்லை மிகவும் குறைந்தது. மூன்றாவதாக, லாரிகளுக்கு அங்கு இடமில்லை. பாலங்களோ ஒன்றைப்போல் மற்றொன்று இராமல், கல்முகம் வைத்துத் தனித்தனி அழகோடு கட்டப்பட்டன. சாலை நேர்கோடாக ஓடாமல் ஆறு வளைந்த இடத்தில் தானும் வளைந்தது.

இவற்றுள் முதல் இரண்டையும், உலகெங்கும் பின்னாளில் எழுந்த பெருவழிகள் அத்தனையும் கைக்கொண்டன. ஆனால் முற்றிலும் முதன்மை என்று இதற்கே பட்டம் சூட்டிவிட முடியாது. அருகிலுள்ள லாங் ஐலந்து என்னும் நீண்ட தீவில், செல்வந்தரும் மோட்டார் பந்தயப் பித்தருமான வில்லியம் வாண்டர்பில்ட் 1908-லேயே தம் சொந்தப் பொறுப்பில் கான்கிரீட் சாலையொன்றைப் போட்டு, குறுக்குச் சாலைகளைப் பாலங்களால் கடக்கச் செய்திருந்தார். அதில் ஒருமுறை செல்லத் தொடக்கத்தில் 2 டாலர் சுங்கம். அன்று அது சிறிய தொகை அன்று. அரசாங்கம் இலவசமாகச் சாலை போடத் தொடங்கிய பின் அவருடைய சாலை படுத்துவிட்டது. சுங்கத்தை 40 சென்ட் வரை குறைத்தும் பயனின்றி 1938-இல் மூடப்பட்டது.

பிராங்க்ஸ் ஆற்றுச் சாலை திறந்ததும் இரண்டு விளைவுகள் உடனே தென்பட்டன. பக்கத்து மனைகளின் விலை ஏறியது. குப்பை மேடாக இருந்த இடத்துக்கு அருகே நிலம் வாங்கச் செல்வர்கள் வந்தார்கள். பூங்காச் சாலை போட்டால் வரி வருமானமே அதன் செலவைக் கொடுத்துவிடும் என்று ஆட்சியாளர் கணக்குக் காட்டத் தொடங்கினர். மற்றொரு விளைவு, ஞாயிற்றுக்கிழமை. வார விடுமுறையன்று நகரத்தில் கார் வைத்திருந்தவர்கள் மரநிழலைத் தேடி ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள். காற்று வாங்கப் போனவர்கள் முன்னால் நிற்கும் வண்டியின் புகையை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

முதல் விளைவைக் கண்டு மகிழ்ந்தவர்கள் இரண்டாவதற்கு ஒரு மருந்து கண்டார்கள். ஒரு சாலை நிரம்பினால் மற்றொன்றைப் போடு என்பதே அம்மருந்து. வெஸ்ட்செஸ்டரில் ஹட்சின்சன் ஆறு, சா மில் ஆறு ஆகியவற்றின் கரைகளிலும் பூங்காச் சாலைகள் எழுந்தன. இந்த முறையைப் பார்த்துக் கற்று, அதனைப் பன்மடங்கு பெருக்கியவர் ராபர்ட் மோசஸ். 1888-இல் பிறந்து 1981-இல் மறைந்த இவர், மக்கள் வாக்கினால் ஒரு பதவிக்கும் வராதவர். ஆனாலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நியூயார்க்கின் பூங்காக்களையும் பாலங்களையும் சாலைகளையும் தம் கைக்குள் வைத்திருந்தார். 1924-இல் லாங் ஐலந்து மாநிலப் பூங்கா ஆணைக்குழுவின் தலைவரானதும், நகர மக்கள் கடற்கரைக்குச் செல்லத் தெற்கிலும் வடக்கிலும் பூங்காச் சாலைகளை வகுத்தார். 1929-இல் ஜோன்ஸ் பீச் என்னும் கடற்கரைப் பூங்காவைத் திறந்தார். மணற்பரப்பும் நீச்சல் குளங்களும் கல்லாலான நீராடு மண்டபங்களும் கொண்ட அந்த இடத்தைப் போல் பொதுமக்களுக்கென அமைந்த கடற்கரை அன்று வேறெங்கும் இல்லை என்று வந்தவர்கள் வியந்தனர். வியக்கத் தக்கதாகவே அது இருந்தது.

ஆயினும் வடக்குப் பூங்காச் சாலையின் வரைபடத்தைப் பார்த்தால் ஓரிடத்தில் அது காரணமின்றி வளைவது போலத் தோன்றும். காரணம் உண்டு. அங்கே பெருஞ்செல்வர்களின் மாளிகைகள் இருந்தன. அவர்கள் எதிர்த்ததால் சாலை ஒதுங்கிச் சென்றது. ஒதுங்கிய சாலை சிறு விவசாயிகளின் வயல்களைப் பிளந்து சென்றது. அவர்கள் எதிர்ப்பு வரைபடத்தை வளைக்கவில்லை. மோசஸின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்து ராபர்ட் கேரோ 1974-இல் வெளியிட்ட பெருநூலில் இச்செய்தியைக் காணலாம். பஸ்கள் செல்ல முடியாதபடி வேண்டுமென்றே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார், ஏழைகளும் கறுப்பின மக்களும் கடற்கரைக்கு வராமல் தடுப்பதே உள்நோக்கம் என்றும் அந்நூல் கூறுகிறது. இதனைப் பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் மறுக்கின்றனர். பஸ்ஸும் லாரியும் பூங்காச் சாலையில் செல்லக்கூடாது என்று விதியே இருந்தபோது பாலத்தை உயர்த்திக் கட்டவேண்டிய தேவை என்ன என்பது அவர்கள் வினா. மோசஸின் மனத்துக்குள் இருந்தது எதுவாயினும் கார் இல்லாதவனுக்குப் பூங்காச் சாலை இல்லை என்பதில் இருதரப்பாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அந்தத் தாழ்ந்த பாலங்கள் இன்றும் பழி தீர்த்துக் கொள்கின்றன. வழி தவறிப் பூங்காச் சாலைக்குள் நுழையும் லாரிகள், அவற்றில் மோதி மேற்கூரை கிழிந்து நிற்பது அங்கு அடிக்கடி வரும் செய்தி.

இனி நம் கதையின் முக்கியமான கட்டம். 1936-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் டிரைபரோ பாலம் திறக்கப்பட்டது. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், குவீன்ஸ் ஆகிய மூன்று பகுதிகளையும் இணைக்கும் பெரும்பாலம் அது. அதே கோடையில் அப்பாலத்தோடு தொடர்புடைய புதிய பூங்காச் சாலைகளும் திறக்கப்பட்டன. லாங் ஐலந்துக்குச் செல்லும் வழியில் இனித் தலைமுறை தலைமுறைக்கும் நெரிசல் இராது என்று பாராட்டுரைகள் வெளிவந்தன. சில வாரங்கள்கூடச் செல்லவில்லை. புதிய சாலைகளிலும் வண்டிகள் அசையாமல் நின்றன. அதைவிட வியப்பு, பழைய பாலங்களில் கூட்டம் குறையவில்லை. புதிய பாலத்தில் சென்ற வண்டிகள் எங்கிருந்து வந்தன என்று இஞ்சினீயர்கள் தலையைச் சொறிந்தனர்.

1939-ஆம் ஆண்டு ஏப்ரலில் உலகக் கண்காட்சியை ஒட்டிப் பிராங்க்ஸ்-வைட்ஸ்டோன் பாலம் திறக்கப்பட்டது. டிரைபரோவின் சுமையை இது குறைக்கும் என்றனர். ஓர் ஆண்டுக்குள் 60 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் புதிய பாலத்தைக் கடந்தன. டிரைபரோவிலோ ஏறக்குறைய முன்போலவே கூட்டம். ஒரு குடத்து நீரை இரண்டு குடங்களில் பங்கிட்டால் ஒவ்வொன்றும் பாதியாகத்தானே இருக்க வேண்டும்? இங்கே இரண்டாவது குடத்தை வைத்ததும் அதுவும் நிரம்பியது, முதற்குடமும் நிறைந்தே நின்றது.

ஹென்றி ஹட்சன் பாலத்தின் கதை இதனினும் வேடிக்கை. ஹட்சன் ஆற்றோரமாகச் செல்லும் பூங்காச் சாலை மன்ஹாட்டனின் வடகோடியில் ஓர் ஓடையைக் கடக்க அப்பாலம் தேவைப்பட்டது. அருகிலேயே இலவசப் பாலம் இருக்கும்போது 10 சென்ட் கொடுத்து யார் செல்வார்கள் என்று கடன் கொடுக்கும் வங்கியாளர் ஐயுற்றனர். ஒரே அடுக்குக்குத்தான் பணம் தருவோம் என்றனர். பாலத்தை வரைந்த டேவிட் ஸ்டைன்மன், பின்னால் மேலே ஓர் அடுக்குப் போடலாம் என்று இடம் வைத்துக் கட்டினார். 1936 டிசம்பரில் பாலம் திறந்தது. 1938-லேயே மேலடுக்கைப் போட வேண்டியதாயிற்று. வங்கியாளர் வரமாட்டார்கள் என்று அஞ்சிய கூட்டம், சொல்லி வைத்தாற்போல் வந்து நின்றது.

இது ஏன் நிகழ்கிறது? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நெரிசலுக்கு அஞ்சி அவர்கள் ஞாயிறன்று வீட்டிலேயே இருந்தார்கள். புதுச்சாலை திறந்ததும், இப்போது போகலாமே என்று கிளம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு ரயிலில் சென்று கொண்டிருந்தார்; காரில் அரைமணியில் சென்று விடலாம் என்றறிந்து ரயிலை விட்டார். எதிர்வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே புறப்பட்டு விடுவார். இனி எட்டு மணிக்குப் புறப்படலாம் என்று இன்னும் சிறிது உறங்கினார். நாலாவது ஆள் இன்னும் முக்கியமானவர். நகரத்திலிருந்து 20 மைல் தள்ளித் தோட்டத்தோடு கூடிய வீடு மலிவாகக் கிடைக்கிறது, சாலைதான் வந்துவிட்டதே என்று அங்கேயே குடிபெயர்ந்தார். முதல் மூவரும் நெரிசல் மிகுந்தால் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடக் கூடும். நாலாமவரால் திரும்ப முடியாது. அவருடைய வீடு சாலையை நம்பி நிற்கிறது.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் அந்தனி டவுன்ஸ் 1962-இல் இதனை ஒரு விதியாகவே எழுதினார். நகரத்துப் பெருவழிகளில், காலையும் மாலையும் அலுவலக நேரத்து நெரிசல், சாலையின் கொள்ளளவை எட்டும் வரை வளர்ந்துகொண்டே போகும் என்பது அவர் கண்ட முடிவு. கில்ஸ் டுரான்டன், மாத்யூ டர்னர் என்னும் இருவர் 2011-இல் அமெரிக்க நகரங்களின் புள்ளி விவரங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறக்குறைய அதே விகிதத்தில் வண்டிகளின் ஓட்டமும் கூடுகிறது என்று கண்டனர். அப்படியானால் சாலையே போடக்கூடாதா என்று கேட்கலாம். அவ்வாறு கூறுவது அறிவுடைமையன்று. புதுச்சாலையில் செல்பவர்கள் ஏதோ ஒரு பயன் கருதியே செல்கின்றனர்; கடற்கரையைக் கண்ட குழந்தைக்கு அது பயன்தான். நெரிசல் தீரும் என்ற வாக்குறுதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

நியூயார்க்கில் அந்த வாக்குறுதி மீண்டும் மீண்டும் கொடுக்கப்பட்டதற்கு மற்றொரு காரணமும் இருந்தது. பாலங்களின் சுங்கப் பணம் அவற்றைக் கட்டிய ஆணையத்துக்கே சென்றது. நெரிசல் மிகுந்தால் வசூல் மிகும். வசூல் மிகுந்தால் அதனைக் காட்டிப் புதுக் கடன் எழுப்பி அடுத்த பாலத்தைக் கட்டலாம். இவ்வாறு சாலை சாலையை ஈன்றது. அதே காலத்தில் ரயில்பாதைகள் பணமின்றித் தேய்ந்தன. 1968-இல் அந்த ஆணையம் மாநகரப் போக்குவரத்து நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டு மோசஸின் அதிகாரம் முடிவுற்றது. அதன்பின் பாலச் சுங்கத்தின் ஒரு பகுதி ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் போய்ச் சேரலாயிற்று. 2025-ஆம் ஆண்டு ஜனவரி 5 முதல், மன்ஹாட்டனின் 60-ஆம் தெருவுக்குத் தெற்கே நெரிசல் நேரத்தில் நுழையும் கார்களிடம் 9 டாலர் வாங்கத் தொடங்கினர். மோசஸ் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பிராங்க்ஸ் ஆற்றை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். அங்கே திரும்புவோம். 1925-இல் மணிக்கு 35 மைலுக்கு மேற்படாத வேகத்தை எண்ணி வளைத்த வளைவுகளில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்கள் பறந்தன. விபத்துக்கள் மலிந்தன. எனவே பல இடங்களில் வளைவை நிமிர்த்தினர், பாதையை அகலமாக்கினர், நடுவே தடுப்புச் சுவர் வைத்தனர். வைத்த மரங்களுள் எத்தனையோ அதற்காக வெட்டுண்டன. பூங்காவைப் பார்ப்பதற்காகப் போட்ட சாலைக்குப் பூங்காவே இடைஞ்சலாயிற்று. சுமையைக் குறைக்க ஸ்பிரெயின் புரூக் என்ற மற்றொரு பூங்காச் சாலையை அருகிலேயே போட்டனர். 1920-களில் எண்ணிய அத்திட்டம் 1980-இல்தான் முழுமை பெற்றது. நீண்ட தூரம் செல்லும் வண்டிகளுள் பல அங்கே விலகியதால், வெஸ்ட்செஸ்டரில் பழைய சாலையின் சில பகுதிகள் கல்பாலங்களோடும் வளைவுகளோடும் தப்பிப் பிழைத்தன. அப்பகுதியில் 1974 முதல், ஆண்டுதோறும் குறித்த சில ஞாயிற்றுக்கிழமைகளின் காலை வேளையில் கார்களை நிறுத்திவிட்டுச் சைக்கிள்களுக்கும் நடப்பவர்களுக்கும் சாலையை விட்டுவிடும் வழக்கம் ஏற்பட்டது. கார்களே இல்லாத காலத்தில் ஓம்ஸ்டெட் எண்ணியதும் ஏறக்குறைய இதுதான்.

ஆறும் தன் உரிமையை முற்றிலும் விட்டுக் கொடுக்கவில்லை. வெள்ளப் படுகையிலே போட்ட சாலை ஆதலால் பெருமழை பெய்தால் நீர் சாலைமேல் ஏறிவிடுகிறது. 2021 செப்டம்பர் முதல் நாள் இரவு ஐடா புயலின் மழை கொட்டியபோது, கார்களை நீரில் விட்டுவிட்டு மக்கள் வெளியேற நேர்ந்தது.

தூய்மையைப் பொறுத்தவரையில், 1907-இல் மேற்கொண்ட நோக்கம் அரைகுறையாகவே நிறைவேறியது. மேற்பகுதி தெளிந்தாலும் நகரத்துக்குள் கீழ்ப்பகுதியில் ஆலைக்கழிவும் பழைய டயரும் மூழ்கிய கார்களும் பல்லாண்டு கிடந்தன. 1970-களில் தொடங்கி அக்கரையில் வாழ்ந்த எளிய மக்களே இறங்கி அவற்றை வாரினர். 2001-இல் அதற்கென ஒரு கூட்டமைப்பும் ஏற்பட்டது. 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆணைக்குழு பிறந்து சரியாக நூறாண்டு ஆன பின், விலங்கியல் பூங்காவை ஒட்டிய ஆற்றில் ஒரு பீவர் நீந்துவதைக் கண்டார்கள். மரத்தைக் கொறித்து வீழ்த்தி அணை கட்டும் இவ்விலங்கின் தோலுக்காகத்தான் டச்சுக்காரர்கள் முதன்முதல் அங்கே கடை விரித்தனர்; நியூயார்க் நகரின் முத்திரையிலேயே அதன் உருவம் உண்டு. வேட்டையாடித் தீர்த்த பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதனை நகர எல்லைக்குள் ஒருவரும் கண்டதில்லை. ஆற்றின் தூய்மைக்குப் பணம் பெற்றுத் தந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஹோசே செரானோவைச் சிறப்பிக்கும் வகையில் அதற்கு ஹோசே என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளில் துணைக்கு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. யாரும் கொண்டு வந்து விடவில்லை. ஆற்று வழியே தானாகவே வந்தது.